கேன் தண்ணீரில் கலந்த கரைசல்

தேனிப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு ஃபேக்டரி வேலைக்கு வந்த பாஸ்கரனுக்கு ஒரு பைத்தியம் உண்டு. தண்ணீரில் ஃபுளோரைடு எவ்வளவு என்று சொல்லும் மீட்டரைச் சட்டைப்பையில் அடங்கும்படி, சாதாரண செல்போன் விலைக்குள் செய்துவிட வேண்டும். ஷிப்ட் முடிந்து வந்தால் சாலிடரிங் புகைதான் அவனுக்குச் சாம்பிராணி. எதில் செலவைக் குறைக்கலாம் என்று பார்த்துப் பார்த்துக் குறைத்தான். மகராசன், அங்கேதான் கோட்டை விட்டான்.

மீட்டருக்குத் தானாக எதுவும் தெரியாது. அளவு தெரிந்த ஃபுளோரைடு கரைசலில் அதன் முனையை முக்கி, "இதுதான் இவ்வளவு" என்று முதலில் பழக்க வேண்டும். அந்தக் கரைசலை அவன் வீட்டுக்கு வரும் கேன் தண்ணீரில் கலந்தான். சுத்தமான தண்ணீர்தானே, ஊரே குடிக்கிறதே!

போன வாரம் இன்வெர்ட்டருக்கு வாங்கிய பேட்டரி தண்ணீர், எந்த உப்பும் இல்லாமல் வடித்தெடுத்தது, கொஞ்சம் மிஞ்சியது. அதில் புதுக் கரைசல் கலந்து மீட்டரைப் பழக்கிவிட்டு, விளையாட்டாகக் கேன் தண்ணீரில் முக்கினான். அடக் கடவுளே, அதிலேயே ஃபுளோரைடு! கேன் தண்ணீரும் யாரோ ஒருவருடைய போர்வெல் தண்ணீர்தான். அப்படியானால் பழைய கரைசலில் அவன் நினைத்ததைப்போல இரண்டு மடங்கு இருந்திருக்கிறது. அதில் பழகிய மீட்டர் இத்தனை நாளும் உள்ளதில் பாதியைத்தான் சொல்லியிருக்கிறது. கப்பல் கவிழ்ந்தவன்போல உட்கார்ந்துவிட்டான்.

ராயக்கோட்டை அருகே தக்காளி போடும் மணிமேகலையின் போர்த் தண்ணீரைச் சோதித்து, "தாராளமாகக் குடிக்கலாம்" என்று சொன்னவன் அவன்தான். ஃபுளோரைடு மிஞ்சிய தண்ணீரைக் குடித்தே அவளுடைய மூத்த மகளுக்குப் பல்லெல்லாம் காவியேறிக் கிடந்தது. சின்னவள் ஸ்வாதிக்காவது பல் நன்றாக முளைக்கட்டும் என்று, தூரத்துக் குழாயில் வரும் ஒகேனக்கல் காவிரித் தண்ணீரைச் சுமந்துகொண்டிருந்தாள். அவன் சொன்ன அன்றே சுமப்பதை விட்டாள். வேலியே பயிரை மேய்ந்த கதையாகிவிட்டது.

ராயக்கோட்டைக்குப் பஸ் ஏறினான்.

மணிமேகலை தக்காளியைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். "வாங்க சார்! மொதல்ல தண்ணி குடிங்க" என்று சொம்பை நீட்டினாள்.

"வேணாங்க்கா. ஸ்வாதிக்கும் ஊத்தாதீங்க. மீட்டரு தப்பாக் காட்டிருச்சு. இல்ல, அதுமேல என்ன பழி, நாந்தான் தப்புப் பண்ணிட்டேன்."

அவள் முகம் கறுத்தது. "ஐயோ, இத்தினி மாசமா எங் கையாலயே ஊத்திக் குடுத்தனே சார்!"

பிறகு அவள் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள். "எங்க ஊட்டோட போச்சுன்னா பரவால்ல. 'சாரு மெஷின் வெச்சுப் பாத்துட்டாரு'ன்னு தெருவுக்கே இந்தத் தண்ணிய நாந்தான் குடுத்தேன். எந்த மூஞ்சிய வெச்சிகிட்டுச் சொல்லுவேன்? வாங்க, நீங்களே வந்து சொல்லுங்க."

முதல் வீட்டு வெங்கடம்மா, வந்த விஷயத்தைக் கேட்குமுன்பே உள்ளே போய், இடுப்பில் கைக்குழந்தையும் கையில் சொம்புமாகச் சிரித்துக்கொண்டு வந்தாள்.

"மெஷினு வெச்ச சாருங்களா? உங்க புண்ணியத்துல கொழந்தைக்கும் இந்தத் தண்ணிதாங்க!"

பாஸ்கரன் சொம்பை வாங்கி, குடிக்காமல் கீழே வைத்தான்.

"சொல்லுங்க சார்" என்றாள் மணிமேகலை.