அமாவாசைச் சோறு

எழுபத்தொன்றாம் வருஷ யுத்தத்தில் சண்டை விமானம் ஓட்டிப் போய், எதிரியிடம் சிறைப்பட்டுத் திரும்பியவர் அவர். சில வருஷம் கழித்து நான் கோவில்பட்டிக்கு மாற்றலாகி வந்தபோது அவர் வீட்டு மாடி அறையில்தான் குடியிருந்தேன். நெடிய ஆள், இடது தோள் இறங்கியிருக்கும். சும்மா சாத்திய கதவைக்கூடத் தானாகத் திறக்க மாட்டார். யாராவது திறக்கும்வரை முன்னால் நிற்பார்.

யுத்த சமயத்தில் அவர் இறந்துவிட்டதாகத் தந்தி வந்து, வீட்டில் கருமாதியும் முடித்துவிட்டார்கள். பிறகு உயிரோடு வந்து நின்றவரை அவருடைய தாயாரின் மனசு ஏற்கவேயில்லை. மகனோடு வேலை பார்த்த யாரோ ஒரு பையன் என்றே நினைத்துச் சோறு போட்டு வந்தார்.

ஓர் அமாவாசையன்று அண்ணாச்சி சோற்று இலையோடு மொட்டைமாடிக் கதவின் முன் நின்றார். திறந்துவிட்டேன். இலையைக் கைப்பிடிச் சுவரில் வைத்து, "கா... கா..." என்று கூப்பிட்டார். அந்த வெயிலில் ஒரு காக்கையும் இல்லை.

"யாருக்கு அண்ணாச்சி படையல்?"

"எனக்குத்தான்."

"நீங்கதான் மகன்னு அம்மாட்ட சொல்லக் கூடாதா?"

"சொல்லாமலா இருப்பேன் தம்பி? 'எம்மவன் சாடைதான் ஒனக்கும்'ங்கா. காக்கா எடுக்காம பச்சத்தண்ணி குடிக்க மாட்டா. வயசாளி, எம்புட்டு நேரம் பட்டினி கெடப்பா?"

மறுபடியும் கூப்பிட்டார். கடைசியில் ஒரு காக்கை வந்து இலையைக் கொத்தியது. அவர் படிக்கட்டுப் பக்கம் குனிந்து குரல் கொடுத்தார்.

"அம்மா, ஒங்க மவன் வந்துட்டான். சாப்பிடுங்க."

அந்தக் குரலில் இருந்தது நிம்மதிதான். அதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.