பிள்ளையாரிடம் கழற்றிய விளக்கு

காலை ஏழு மணி. நுவரெலியாவிலிருந்து ஹட்டனுக்குப் பஸ். ஏறக்குறைய நாற்பத்தைந்து கிலோமீட்டர். இரண்டு மணி நேரம் என்று ஆட்கள் சொன்னார்கள், பஸ் அப்படியொன்றும் சொல்லவில்லை.

தங்கியிருந்த வீட்டார் வழியனுப்பும்போது ஒரு முட்டைக்கோஸைக் கையில் திணித்திருந்தார்கள். இங்கே அதற்குக் கோவா என்று பெயர். தேயிலை நாட்டுக்கு வந்து முட்டைக்கோஸோடு சென்னை திரும்பும் முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். தலைக்கு மேலிருந்த தட்டில் அதை வைத்தேன். உயரத்தில் வைத்த பொருளுக்குள் சக்தி சேர்ந்திருக்கும் என்று பள்ளியில் படித்திருக்கிறேன். படித்ததோடு சரி.

தலவாக்கலையில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தவர் பூண்டுலோயாவில் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளியின் விஞ்ஞான ஆசிரியை. மடியில் ஒரு பலகை. அதில் தகரச் சக்கரம், பொம்மைக் காரின் மோட்டார், சின்ன டார்ச் பல்பு. சக்கரத்தில் தண்ணீர் விழுந்தால் பல்பு எரியும்.

"பத்து மணிக்கு ஹட்டன்ல கண்காட்சிங்க சார். கல்வி டைரக்டர் ஐயா வர்றாரு. இது எரிஞ்சாத்தான் எங்க ஸ்கூலுக்கு லேப் வேணும்னு வாயத் திறக்க முடியும்."

அடுத்த வளைவில் கோவா அவர் மடியிலிருந்த பலகைமேல் இறங்கியது. உயரம் வேகமாகி, வேகம் சத்தமாகி, பல்பு தூளானது. கோவாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

"யாரோட கோவா இது?" என்றார் கண்டக்டர். பஸ்ஸே என்னைப் பார்த்தது.

வழியில் பல்பு வாங்கலாமே என்றேன்.

"இந்நேரத்துக்கு எந்தக் கடைங்க சார் திறந்திருக்கும்? கோவா வேணும்னா கிடைக்கும்," என்றார் கண்டக்டர்.

ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற ஒரு பீலியருகே பஸ் நின்றது. மலையூற்றைக் குழாயில் இறக்கியிருக்கும் இடத்துக்குப் பீலி என்று பெயர். டிரைவர் இருக்கைக்கு மேலே பிள்ளையார் படம், சுற்றிலும் சிவப்பு விளக்குச் சரம். எஞ்சின் ஓடும்வரை அது அணைவதில்லை. இந்த மலைகளில் பிரேக்கைவிட அதைத்தான் நம்புகிறார்கள்.

"அண்ணே, சாமி லைட்ல ஒண்ணு..." என்று இழுத்தார் கண்டக்டர்.

"வாயக் கழுவுடா. ஒண்ணக் கழட்டினா சரம் பூரா அணைஞ்சிரும். சாமிய இருட்டுல வச்சு நான் ஒருநாளும் ஓட்டுனதில்ல."

"வேணாங்கண்ணே, விடுங்க," என்று ஆசிரியை பலகையை முந்தானையால் மூடினார்.

டிரைவர் தண்ணீர் ஊற்றி முடித்தார். பிறகு உள்ளே ஏறிப் பிள்ளையாரைக் கும்பிட்டு, வயரைக் கடித்து ஒரு விளக்கை அறுத்தெடுத்தார்.

"பகல்தானே. சாமிக்குக் கண்ணு தெரியும்."

ஆசிரியை விளக்கை மாட்டிச் சக்கரத்தைப் பீலியடியில் பிடித்தார். சக்கரம் பறந்தது. விளக்கு எரியவில்லை.

"சக்தி அழியாது, உருமாறத்தான் செய்யும்," என்று தேற்றினேன்.

"அழியலைன்னா இப்ப எங்கங்க சார் இருக்கு?" என்றார் கண்டக்டர்.

"இந்த லைட்டுக்குக் கரண்ட் ஒரு பக்கமாத்தான் போகும்," என்று ஆசிரியை வயர்களை மாற்றி மாட்டினார். சிவப்பாக எரிந்தது. பஸ்ஸுக்குள் கைதட்டல். டிரைவர் மட்டும் இருண்டுபோன படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து ஹட்டன்வரை அவர் ஹாரனையும் பிரேக்கையும் வழக்கத்தைவிட மரியாதையாகப் பயன்படுத்தினார்.

கண்காட்சி மண்டபத்தில் பீலி இல்லை. நாற்காலிமேல் ஏறி நின்று வாளியிலிருந்து தண்ணீர் ஊற்றும் வேலை எனக்கு. கோவா கீழே காத்திருந்தது. விளக்கு எரிந்தது. ஆசிரியை விளக்கிவிட்டு, அதே மூச்சில் லேப் கேட்டார். ஸ்கூலுக்கு வந்து பார்க்கிறேன் என்றார் டைரக்டர். எந்த மாதம் என்று சொல்லவில்லை.

ஊரில் எனக்குச் சுவிட்ச் உண்டு. எரியாவிட்டால் யாரையாவது திட்டுவேன். எரிந்தால் யாரையும் நினைத்ததில்லை.

பஸ் நிலையத்துக்குத் திரும்பியபோது அதே பஸ் புறப்பட உறுமிக்கொண்டிருந்தது. டிரைவர் தலையை நீட்டினார்.

"எரிஞ்சுச்சா?"

"எரிஞ்சுச்சு."

அவர் பிள்ளையார் பக்கம் திரும்பி, "எரிஞ்சுச்சாம்," என்று சொல்லிவிட்டுக் கியரைப் போட்டார்.