எல்மாரி எழுதாமல் விட்ட வரி

கேப் டவுன் ஆய்வகத்தில் எல்மாரி யாஃப்தா பத்தொன்பது வருஷமாக ஒளியுணரி செய்கிறாள். அப்பா சதர்லாந்தில் ஆட்டுமயிர் கத்தரித்தவர். அந்த ஊர் மலைமேல் இருக்கும் தொலைநோக்கிக்கு மகள் கண் செய்து கொடுத்தாள் என்று கடைக்குக் கடை சொல்லித் திரிந்தவர்.

நகத்தளவு சில்லு. காற்றை உறிஞ்சி எடுத்த இரும்புப் பெட்டிக்குள் அதை உறைய வைப்பார்கள். பிறகு மூடியைப் போட்டு ஒரு மணி நேரம் படமெடுப்பார்கள். அதில் ஏதாவது தெரிந்தால் அது பெட்டியின் பொய். எல்மாரியின் இருட்டுப் படம் அவ்வளவு சுத்தம். அதனால் மலையில் யாரும் தனியாக எடுக்கவில்லை, வானத்துப் படங்களிலிருந்து அவளுடையதையே கழித்துக்கொண்டார்கள்.

பெட்டி மலைக்குப் போன ஆறாம் வருஷம் அதன் ரப்பர் வளையத்தை மாற்ற மேலே போனாள். மாற்றியபின் மூடியைப் போட்டு ஒரு படமெடுத்தாள். இடது மூலையில் மெல்லிய வளைவு. அதை அவளுக்குத் தெரியும். மலையில் வானத்தைப் படமெடுக்கும் இளம் ஆய்வாளன் லுண்டியின் அறைச் சுவரில் பெரிதாக ஒட்டியிருந்தது: கிழிந்த விண்மீன் மண்டலத்தின் வால், அவனுடைய கண்டுபிடிப்பு, அவனுடைய டாக்டர் பட்டம்.

பெட்டிக்குள் காற்று கசிகிறதா என்று காட்டும் மானி எரிந்துகொண்டிருந்தது. அதன் இழை லேசாகச் சிவக்கும், அந்த வெளிச்சம் சில்லில் படும். ஆய்வகத்தில் இருட்டுப் படத்துக்கு முன் அவள் கை தானாக அதை அணைத்துவிடும். மலைக்காக அவள் எழுதிக் கொடுத்த நாற்பத்தொரு பக்கக் கையேட்டில் அந்த வரி மட்டும் இல்லை. கசிவுக்குப் பயந்து மலையில் அதை அணைத்ததே இல்லை.

அணைத்து மறுபடி எடுத்தாள். வெறும் கறுப்பு. முதல் படத்தை அழித்துவிட்டுக் கீழே இறங்கிவிடலாம் என்றும் தோன்றியது.

லுண்டி காப்பியோடு வந்தான். மூத்தவள் என்று அவளைச் சிசி என்பான்.

"என்ன சிசி, உனக்கு வெளிச்சத்தக் கண்டாலே ஆகாதா? மறுபடியும் மூடிட்ட." திரையைப் பார்த்தான். "அட, நம்ம வாலு. எப்ப எடுத்தது?"

"இப்பத்தான். மூடி போட்டிருக்கு. மானிய அணைச்சா வரல."

அவன் போய் மூடியைத் தடவிப் பார்த்தான். மானியைத் தானே போட்டு இன்னொரு படம் எடுக்கச் சொன்னான். ஒரு மணி நேரம் ஆனது. வளைவு வந்தது.

"கையேட்டுல ஒரு வரி எழுதியிருக்கலாமே."

"எழுதல. தப்பு என்னோடது."

"யாருக்கும் தெரியாது, சிசி."

"நீயே சொல்லிடு. வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுக்கறேன்."

வெள்ளிக்கிழமை மாலைவரை, அந்த வாலை வெளியிட்ட ஆய்விதழுக்கு அவனிடமிருந்து கடிதம் எதுவும் போகவில்லை. அவளே எழுதினாள், தன் தவறிலிருந்து தொடங்கி. அதன்பின் இரண்டு முறை அவனைப் பார்த்தாள். இரண்டு முறையும் மிஸ் யாஃப்தா என்றான்.