பத்திரம் இல்லாமல் வாங்கிய குட்டி

லிஃப்ட் பழுது பார்க்கும் அந்த மனுஷனுக்குத் தெருவில் ஊமைக்கோட்டான் என்று பட்டப்பெயர். அவ்வளவு பேச்சு. விஷக்காய்ச்சலில் மனைவிக்குக் காது போனபின், "பேசாத மாமா, கேக்காத அக்கா. சண்டைக்கே வழியில்ல" என்று மச்சான் கேலி செய்வான்.

பகலெல்லாம் அவள் தனியே இருக்கிறாளே என்ற கவலை அவரை அரித்தது. ஒருநாள் பக்கத்து வீட்டில் தீப்பிடித்து, எல்லாரும் கதவை இடித்தும் அவள் திறக்கவில்லை. ஆண்டவன்தான் காப்பாற்றினான். யாராவது கதவைத் தட்டினால் ஓடிப்போய் அவள் உடையைப் பிடித்து இழுக்க ஒரு நாய் வேண்டும் என்று முடிவுசெய்தார்.

வெள்ளையில் கறுப்புப் புள்ளி போட்ட குட்டி, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது. பதிவுப் பத்திரம் கேட்டதற்கு விற்றவன் சிரித்தான்.

"பத்திரத்துக்கா சோறு போடப் போறீங்க அண்ணே? பாதி விலைதான், தூக்கிட்டுப் போங்க."

தலையாட்டிவிட்டுத் தூக்கிவந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறைக் குழாயை முடுக்கும்போது ஸ்பேனர் கைநழுவி விழுந்தது. வீடே அதிர்ந்தது. மனைவி திரும்பவில்லை, அது வழக்கம். அவள் மடியிலிருந்த குட்டியும் திரும்பவில்லை. வேண்டுமென்றே மறுபடி போட்டார். குட்டி அவள் விரலை நக்கிக்கொண்டே இருந்தது.

மறுநாள் கால்நடை மருத்துவர் சோதித்தார். "பிறவியிலேயே ரெண்டு காதும் கேக்காது. இந்த ஜாதியில இது உண்டு. பத்திரம் இருந்தா தாய் தகப்பன் எதுன்னு தெரிஞ்சிருக்கும். அதுங்களுக்குக் காது சோதிச்சிருக்கான்னு விசாரிச்சிருக்கலாம்."

வெளியே வந்து விற்றவனுக்குப் போன் போட்டார்.

"ஓ, இதுவுமா?" என்றான் அவன், பால் திரிந்துபோனதைப் பற்றிப் பேசுவதுபோல. "போன ஈத்துலயும் ரெண்டு அப்படித்தான்."

அவன் மேலே சொன்னதையும் கேட்டுவிட்டுப் போனை வைத்தார்.

வீட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். உதட்டைப் பார்த்துத்தான் அவள் பேச்சைப் புரிந்துகொள்வாள். தாடையைப் பிடித்துத் திருப்பினாள்.

"மூஞ்சியக் காட்டிச் சொல்லுங்க."

சொன்னார். அவள் குட்டியை வாங்கிக்கொண்டு சுவரில் சாய்ந்தாள்.

"திருப்பிக் குடுத்துடுவோமா?" என்று கேட்டார்.

"அவன்கிட்டயா? வேற யார் தலையிலயாவது கட்டிடுவான். இது இங்கயே கிடக்கட்டும்." குட்டியை இறுக்கிக்கொண்டாள். "இதோட கூடப்பொறந்தது ஏதும் விக்காம மிச்சம் இருக்கா?"

"ஒண்ணு. சாயங்காலம் ஒருத்தர் வாங்க வர்றாராம். கடைக்குக் காவலுக்காம்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, "அந்தாளு வாங்கறதுக்குள்ள போய், அதுக்குக் காது கேக்குதான்னு பாக்கச் சொல்லணும்" என்று குட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டுச் செருப்பைத் தேடினாள்.