கல்லைக் காட்டிய கை

அவள் ஓர் இடத்தில் உட்கார மாட்டாள். சாப்பாட்டு மேசைக்கு அடியில் கால்கள் தம் பாட்டுக்கு மிதித்துக்கொண்டே இருக்கும். "கொஞ்ச நேரம் காலைச் சும்மா வையேன், டம்ளர் ஆடுது பாரு" என்பார் கணவர். கேட்டால்தானே!

தார்ச்சாலை சைக்கிள் பந்தயங்களில் ஒன்பது வருஷம் சம்பளத்துக்கு ஓட்டியவள். ஓட்டியது தனக்காக இல்லை. அணித்தலைவிக்கு முன்னால் போய் எதிர்காற்றைத் தான் வாங்கிக்கொள்ள வேண்டும், அவளுக்குத் தண்ணீர் பாட்டில் சுமக்க வேண்டும், முடிவுக் கோடு நெருங்கும்போது ஒதுங்கி வழிவிட வேண்டும். முப்பத்துமூன்று வயதில் அணி அவளுக்கு ஒரு கும்பிடு போட்டு அனுப்பிவிட்டது.

"ஓடினது போதும், வீட்டோட இருடி" என்றாள் அக்கா. அவளுக்கோ மனசு ஆறவில்லை. ஒரே ஒரு தடவை, தன் பெயரில், முதல் ஆளாகக் கோட்டைத் தாண்டியாக வேண்டும். மலைப்பாதைப் பந்தயத்தில் தலைவியும் கிடையாது, தொண்டரும் கிடையாது. அவரவர் பாடு அவரவருக்கு. தடித்த டயர் சைக்கிள் ஒன்றை வாங்கிக்கொண்டு காட்டுக்குள் புகுந்தாள். இரண்டு வருஷம் விழாத வாரம் இல்லை.

இரண்டாம் வருஷத்தின் கடைசிப் பந்தயம், கடைசிச் சுற்று. அவள்தான் முன்னால். பின்னாலேயே ஒட்டிக்கொண்டு ஒரு இருபது வயதுக்காரி. இன்னும் ஒரே ஓர் இறக்கம்தான் பாக்கி. பாதை நடுவில் ஒரு கல் துருத்திக்கொண்டிருந்ததை அவள் நன்றாகவே பார்த்தாள். பார்த்ததும் இடது கை தானாகக் கைப்பிடியை விட்டு இறங்கி, பின்னால் வருகிறவளுக்கு அந்தக் கல்லைச் சுட்டிக் காட்டியது. தார்ச்சாலையில் கூட்டமாகப் போகும்போது முன்னால் போகிறவர் செய்தே தீர வேண்டிய மரியாதை அது. மலை இறக்கத்தில் ஒரு கையை விட்டு அதைச் செய்வது வம்பை விலைக்கு வாங்குவது. சைக்கிள் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். சின்னவள் கல்லை அழகாக விலக்கிக்கொண்டு போய் ஜெயித்தாள்.

முழங்காலெல்லாம் மண்ணோடு இவள் இரண்டாவதாக வந்து சேர்ந்தாள். சின்னவள் ஓடி வந்தாள்.

"அக்கா, நீங்க கை காட்டலன்னா நேரா அது மேலதான் ஏறியிருப்பேன். ரொம்ப நன்றிக்கா."

"பரவால்ல" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

கணவர் துண்டை நீட்டினார். "விடும்மா. ரெண்டாவது இடம்னா சும்மாவா?"

"அவளப் பாத்தா எனக்குப் பத்திக்கிட்டு வருதுங்க." சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டாள். "இத்தன வருஷத்துல எனக்கு யார் மேலயும் பொறாமை வந்ததே இல்ல. தலைவி ஜெயிச்சா அவளுக்காகச் சிரிப்பேன், தோத்தா அவளுக்காக அழுவேன். அவ்வளவுதான்."

அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஒரு பந்தயத்தில் தோற்றதற்காக, தனக்காக, அவள் அழுதது அதுதான் முதல் தடவை.