ஷியர்லைன் ஓட்டிய மங்கை அக்கா

சனிக்கிழமை காலை, பாரிஸின் லா ஷப்பல் பகுதியில், தமிழ்க் கடைகள் நிறைந்த ரூ காய் தெருவில் ஒரு மளிகைக் கடை வாசலில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஆரணி தொலைபேசியில் அழைத்தாள். தன் அம்மா விடியற்காலையில் மருத்துவமனையில் இறந்துவிட்டதாக ஒரே மூச்சில் பிரெஞ்சில் சொன்னாள். நான் வாய் திறப்பதற்குள் அடுத்த கேள்வி வந்தது. "இறுதி ஊர்வலத்துக்கு அம்மாவின் காரை நான்தான் ஓட்டப்போகிறேன். நீங்கள் இடப்பக்கம் உட்காருவீர்களா?"

கடைக்காரர் என் முகத்தைக் கவனித்துவிட்டு, "ஆருக்கு என்ன அக்கா?" என்றார்.

"மங்கை அக்கா போயிட்டாங்க."

"எந்த மங்கை? ஒஸ்ரின் கார் மங்கை அக்காவோ? ஐயோ, என்ரை கலியாணத்துக்கு அவதானே கார் ஓடினவ!" கண்கள் கலங்கியபடியே பக்கத்தில் நின்ற வாடிக்கையாளரிடம் கைகளை அகல விரித்து அந்தக் காரின் நீளத்தைக் காட்டத் தொடங்கிவிட்டார். எனக்கும் அழுகையோடு சிரிப்பும் வந்தது. மங்கை அக்காவைப் பற்றி யாராலும் மெதுவாகப் பேச முடியாது.

இதைப் படிக்கும் உங்களில் பலர் அந்தக் காரில் ஏறி மணவறைக்குப் போனவர்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மங்கையர்க்கரசி யாழ்ப்பாணத்தவர், பாரிஸின் புறநகரான சார்செலில் குடியிருந்தவர், கல்யாண மண்டபங்களுக்கு அலங்காரம் செய்தவர். நான் புதுச்சேரிக்காரி, பள்ளி அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தவள், பெயர் தெரேஸ். என்னைவிட எட்டு வயது மூத்த அவருக்கு நான் எப்போதும் 'பிள்ளை'தான்.

ஒருமுறை அக்கா, நோர்மண்டியில் ஒரு வெள்ளைக்காரர் பழைய வெள்ளிப் பூச்சாடிகளை விற்கிறார் என்று இணையத்தில் பார்த்துவிட்டு, பிரெஞ்சு பேசத் துணைக்கு என்னை அழைத்துப் போனார். போன பிறகுதான் விற்பவர் ஆங்கிலேயர் என்று தெரிந்தது. என் பிரெஞ்சுக்கு அங்கே வேலையே இல்லை. வைக்கோல் கொட்டகையில் பூச்சாடிகளை அடுக்கி வைத்திருந்தார். அவற்றுக்குப் பின்னால், தார்ப்பாய்க்கு அடியில், இரண்டு பெரிய விளக்குகள் மட்டும் வெளியே தெரிந்தன. ஒவ்வொன்றும் தாம்பூலத் தட்டு அளவு இருந்தது.

மங்கை அக்கா போய்த் தார்ப்பாயைத் தூக்கினார். கரிய நிறம், நீண்ட மூக்கு, மூக்கின் நுனியில் சிறகு விரித்த ஓர் எழுத்து. அதுதான் ஆஸ்டின் ஷியர்லைன். போர் முடிந்து இங்கிலாந்தில் ரேஷன் நடந்துகொண்டிருந்த காலத்தில், பெரிய மனிதர்களுக்காக அவர்கள் செய்த ஆடம்பரக் கார் வரிசையில் ஒன்று. இதற்கு 'பிரின்சஸ்' என்றொரு விலை கூடிய தங்கையும் உண்டு. இதெல்லாம் அக்கா பிற்பாடு எனக்குப் பாடம் எடுத்ததில் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், உள்ளே தோல் இருக்கைகளும் பளபளத்த மரப்பலகையுமாக ஒரு வரவேற்பறையே சக்கரத்தில் நிற்கிறது என்பதுதான்.

அக்கா கதவைத் திறந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். பூச்சாடிகளைப் பற்றி அந்த மனிதர் பேசிக்கொண்டே இருந்தார். அக்கா இறங்கவில்லை.

"அக்கா, நேரமாகுது."

"ஏறி இருந்திட்டன் பிள்ளை. இறங்க மனம் வரேல்லை. உந்த மனுசனிட்டைக் கேள், இது ஓடுமோ எண்டு."

ஓடவில்லை. இருந்தும் அக்கா அதை வாங்கிவிட்டார். பக்கத்து ஊரான வில்லியே லே பெல்லில் பட்டறை வைத்திருந்த போர்த்துக்கீசிய மெக்கானிக் மனுவேல் இழுவை வண்டியில் அதைக் கொண்டுவந்து, ஒரு குளிர்காலம் முழுக்க அதனோடு மல்லுக்கட்டினார். அந்த மாதங்களில் சார்செல் முழுவதும் ஒரே பேச்சு. புருஷனை இழந்தவள், பேரப்பிள்ளை பார்க்கிற வயதில் இதென்ன கூத்து என்றார்கள். அக்கா என்னிடம் சொன்னார்: "வயசைப் பாத்தா எனக்கும் காருக்கும் ஒண்டுதான். அதை ஓட வைக்கலாம், நான் மட்டும் மூலைக்குள்ளை இருக்கவேணுமோ?"

வசந்தத்தில் எஞ்சின் உறுமியது. நாங்கள் மூவரும் அந்தப் பட்டறையில் கத்திய கத்தலுக்குப் பக்கத்துக் கட்டடத்துச் சன்னல்கள் திறந்துகொண்டன.

இங்கிலாந்துக் கார் என்பதால் அதன் ஸ்டியரிங் வலப்பக்கம். பிரான்சிலோ சாலையில் வலப்பக்கமாகத்தான் ஓட்டவேண்டும். முன்னால் போகும் லாரியை முந்த நினைத்தால், எதிரே வருவது ஓட்டுபவருக்குத் தெரியாது. இடப்பக்கம் இருப்பவர்தான் பார்த்துச் சொல்லவேண்டும். அந்த இடம் எனக்குக் கிடைத்தது. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. வேலை செய்த காலமெல்லாம் அலுவலகத்தில் என் குரல் அடுத்த மேசைக்குக்கூடக் கேட்டதில்லை. முதல் நாள், "அக்கா... ஒரு வண்டி வர்ற மாதிரி..." என்று இழுத்தேன். அக்கா பட்டென்று வேகத்தைக் குறைத்தார்.

"பிள்ளை, வாற மாதிரியோ, வருதோ? ஓம் எண்டால் ஓம். இல்லையெண்டால் இல்லை. வாயைத் திறந்து கத்து!"

அடுத்த லாரிக்குக் கத்தினேன். "வேணாம் அக்கா, பஸ் வருது!" மங்கை அக்கா ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார். "ஆஹா, இப்பதான் உனக்குத் தொண்டை திறந்திருக்கு!"

பிறகு கல்யாணங்கள் வந்தன. அவற்றில் ஒன்றை மட்டும் சொல்லாமல் விட முடியாது. மணப்பெண் தர்ஷினி சார்செலில் பிறந்து வளர்ந்தவள். மாப்பிள்ளையின் தாய்மாமன் வெள்ளை நிறத்தில் புத்தம்புதிய லிமூசின் பிடித்திருந்தார். பெண்ணோ மங்கை அக்காவின் காரில்தான் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். மாமனுக்குக் கோபம். "உந்தப் பழைய இரும்பிலை வந்து முகூர்த்தம் தப்பினா ஆர் பொறுப்பு?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். "நான்தான் பொறுப்பு," என்றார் அக்கா.

லா ஷப்பலில் கோயிலில் கும்பிட்டுவிட்டு மண்டபத்துக்குத் திரும்பினோம். தலைக்கு மேல் மெத்ரோ ஓடும் அந்தப் பாலத்தருகில் பின்சக்கரத்திலிருந்து ஒரு சத்தம். டயரில் ஆணி ஏறிவிட்டது. சனிக்கிழமை மத்தியானம், நடைபாதை முழுக்கச் சனம். பின்னால் வந்த லிமூசினிலிருந்து மாமன் பாய்ந்து வந்தார்.

"நான் சொன்னனானெல்லோ! பொம்பிளையை இறக்குங்கோ. எங்கடை காரிலை ஏத்துவம்."

தர்ஷினி என்னைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன்.

"ஒருத்தரும் இறங்க வேண்டாம்," என்றார் அக்கா. "பிள்ளை, நீ இருந்த இடத்திலையே வடிவா இரு."

அவர் பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எஞ்சின் மூடியைத் திறந்தார். உள்ளேயிருந்த பம்பில் ஒரு கம்பியைச் செருகி முன்னும் பின்னும் அசைத்தார். சக்கரம் மாற்றத் தனியாக ஜாக்கி தேடவேண்டாதபடி, அந்தக் காருக்கு அடியிலேயே தூக்கும் கால்களை வைத்துச் செய்திருக்கிறார்கள். எனக்கே அது அன்றுதான் தெரியும். கம்பி அசைய அசைய அந்தப் பிரம்மாண்டமான கார், மணப்பெண்ணோடும் மாலையோடும், பாலத்தடியில் அங்குலம் அங்குலமாக எழுந்தது!

சனம் ஓவென்று கத்தியது. சிம் கார்டு விற்கும் ஆப்பிரிக்க இளைஞர்கள் கை தட்டினார்கள். மரக்கறிப் பைகளோடு நம் பெண்கள் ஓடி வந்தார்கள். மேலே போன மெத்ரோவின் சன்னல்களில்கூட முகங்கள் ஒட்டியிருந்தன. தர்ஷினி கோயில் தேர் மேலிருப்பவள் போலக் கையசைத்தாள். அக்கா குனிந்து திருகுகளைக் கழற்றத் தொடங்கினார். ஒரு திருகு அசையவில்லை. அவர் முழு உடம்பையும் அழுத்தினார். அப்படியும் அசையவில்லை. அவர் முகத்தில் நான் முதன்முதலாகப் பயத்தைப் பார்த்தேன்.

அப்போது மாமன் கோட்டைக் கழற்றி என் கையில் தந்தார். "தள்ளுங்கோ அக்கா," என்று சொல்லிவிட்டுத் தெருவிலேயே மண்டியிட்டார். இருவருமாகத் திருகைக் கழற்றினார்கள். மாற்றுச் சக்கரத்தை மாமனே உருட்டி வந்தார். முகூர்த்தத்துக்கு முன்பே மண்டபத்தில் இருந்தோம். மாமனின் வெள்ளைச் சட்டை முழுக்கக் கரி. சாப்பாடு முடிந்ததும் மெல்ல வந்து, "அக்கா, ஒருக்கா ஏறி இருந்து பாக்கலாமோ?" என்று கேட்டார். அக்கா கதவைத் திறந்துவிட்ட அழகை நீங்கள் பார்த்திருக்கவேண்டும்.

போன வருடம் அவருக்கு நோய் வந்தது. கை சோர்ந்துவிட்டது, அந்த ஸ்டியரிங்கைத் திருப்ப இனி முடியாது. மகள் ஆரணி, பழைய கார் என்றாலே மூக்கைச் சுளித்தவள், தானே முன்வந்து ஓட்டப் பழகினாள். ஒருநாள் எஞ்சின் சத்தத்தைக் கைப்பேசியில் பதிவு செய்து மருத்துவமனைக்குக் கொண்டுவந்தாள். அக்கா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "மூண்டாவது பிளக் சரியில்லை. மனுவேலிட்டைச் சொல்லு," என்றார். மனுவேல் திறந்து பார்த்தார். பிளக்குகள் எல்லாம் நன்றாகவே இருந்தன; பெல்ட்தான் தளர்ந்திருந்தது. அதைச் சொன்னபோது அக்கா, "அவனுக்குக் காது மந்தம்," என்று சொல்லிப் படுக்கை குலுங்கச் சிரித்தார். அவருடைய சிரிப்பை நான் கடைசியாகக் கேட்டது அன்றுதான்.

புதன்கிழமை ஆரணி ஓட்டினாள். நான் அவளுக்கு இடப்பக்கம். சவ வண்டியின் பின்னால் சார்செலிலிருந்து புறப்பட்டு, லா ஷப்பலைச் சுற்றிக்கொண்டு போனோம். ரூ காய் முனையில் கடைக்காரர்கள் வெளியே வந்து நின்றார்கள். அந்த மாமனும் நின்றார். யாரோ ஒருவர் கை தட்டினார். மரண ஊர்வலத்தில் கை தட்டலாமா என்று யாரும் யோசிக்கவில்லை; தெருவே தட்டியது. ஆரணி அழுதுகொண்டே ஹாரனை நீளமாக அழுத்தினாள்.

அவரிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியிருக்கிறது என்று இந்த நாட்களில் யோசித்தேன். ஆசைப்படுவதற்கு ஒரு வயது வரம்பு இருக்கிறது, அதை நான் தாண்டிவிட்டேன் என்று நினைத்திருந்தவள் நான். ஊருக்கே கேட்கும்படி ஆசைப்படவும், அதன் பின்னால் போகவும் அவர் எனக்குக் கற்றுத்தந்துவிட்டுப் போயிருக்கிறார். சென்ற திங்கட்கிழமை ஓட்டுநர் பள்ளியில் பெயர் கொடுத்தேன். வரவேற்பு மேசையில் இருந்த பெண் என் நரைத்த முடியைப் பார்த்துவிட்டு, படிவம் பேரனுக்கா என்று கேட்டாள்.

"எனக்கு," என்றேன். அறையில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.