தங்காமல் வந்த ஆற்றங்கரை

மூன்று வருடங்களுக்கு முன், மே மாதக் கடைசியில் வரும் நீண்ட வார இறுதி. நானும் கணவரும் லண்டன் ஹரோவிலிருந்து சைக்கிள்களோடு புறப்பட்டு, போர்ட்ஸ்மவுத்தில் கப்பல் ஏறி, பிரான்சின் நோர்மண்டிப் பக்கம் போயிருந்தோம்.

நாற்பது வயதுக்குப் பிறகு எனக்குப் பிடித்த பைத்தியம் இது. கிராவல் சைக்கிள் என்பார்கள். பார்வைக்கு ரேஸ் சைக்கிள் மாதிரித்தான், டயர் மட்டும் தடிப்பு. தார் போடாத சரளைப் பாதை, காட்டுப் பாதை, வயல் வண்டித் தடம் எதிலும் ஓடும். லண்டனை ஒட்டிய எப்பிங் காட்டிலும் கால்வாய்க் கரைகளிலும் ஓடி அலுத்துப்போய், ஓர்ன் என்ற ஆற்றின் பள்ளத்தாக்கைத் தேர்ந்தெடுத்தேன். ஆற்றை ஒட்டி, தண்டவாளம் கழற்றிய பழைய ரயில் பாதை ஒன்று போகிறது. அதிலிருந்து இரண்டு பக்கக் குன்றுகளுக்கும் கல் பாதைகள் ஏறுகின்றன. குளிர்காலம் முழுக்க இருந்து அந்த வழியைப் போனில் கோடு கோடாக நானே வரைந்து வைத்திருந்தேன். கணவருக்கு இதில் பெரிய ஆசை இல்லை. என்னைத் தனியே விட மனமில்லாமல் வருகிறவர்.

இரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. காலையில் குன்றின் முதுகில் ஓடினோம். கீழே ஆறு, அதைச் சுற்றி ஆப்பிள் தோட்டங்கள், வேலிக்குள் மாடுகள். எல்லாம் நான் நினைத்தபடியே நடந்தது. இறக்கத்தில்தான் ஒரு கூரான கல் என் பின் டயரைப் பதம் பார்த்தது. ட்யூபை மாற்றிப் புறப்படவே நிறைய நேரம் போய்விட்டது. ஆற்றோரத்துச் சிறிய ஊர் ஒன்றுக்குள் நுழையும்போது மறுபடியும் காற்று இறங்கத் தொடங்கியது. கணவர் முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

"இஞ்சாருங்கோ! கொஞ்சம் நில்லுங்கோ!" என்று தெரு அதிரக் கத்தினேன்.

கணவருக்குக் கேட்கவில்லை. ஆனால் பக்கத்திலிருந்த சின்ன ஹோட்டலின் பின்கதவு படாரென்று திறந்தது. வெள்ளை ஏப்ரன் கட்டிய ஒருவர், ஐம்பத்தைந்து வயதிருக்கும், கையில் ஈரத் துணியோடு ஓடி வந்தார். வந்தவர் என் முன்னால் நின்று மூச்சு வாங்கினார்.

"தங்கச்சி, இப்ப கத்தினது நீங்களோ?"

அந்த ஊரில் நான் எதிர்பார்த்த கடைசி விஷயம் அதுதான். "ஓம் அண்ணை" என்றேன். அவர் சிரித்தார். கண் கலங்கியிருந்தது.

மன்னார்க்காரர். அந்த ஹோட்டலின் சமையல்காரர், வந்து பத்து வருடமாகிறது. மனைவியும் பிள்ளைகளும் மன்னாரில். "போனிலதான் தமிழ் கதைக்கிறனான். முகத்தைப் பாத்துக் கதைச்சு வருசக்கணக்காச்சு" என்றார்.

பிரான்சில் ஞாயிறு மத்தியானம் இரண்டரை தாண்டினால் சமையலறையைப் பூட்டிவிடுவார்கள். எங்களுக்காக அவர் திரும்பவும் அடுப்பைப் பற்றவைத்தார். தனக்கென்று வைத்திருந்த ஆற்று மீன் குழம்பைச் சூடாக்கி, பாண் ரொட்டியோடு கொண்டுவந்து வைத்தார். கறித்தூள், பாரிசில் தமிழ்க் கடைகள் இருக்கும் லாச்சப்பலிலிருந்து தபாலில் எடுப்பதாம். நாங்கள் சாப்பிடுவதைப் பார்த்தபடி எதிரே கதிரை போட்டு உட்கார்ந்து கதைத்தார். எதைப் பற்றி என்றில்லை. லண்டனில் முருங்கைக்காய் கிடைக்குமா, எங்கள் பிள்ளைகள் தமிழ் கதைப்பார்களா, ஹரோவில் கோயில் எவ்வளவு தூரம். பதிலைவிட, பதில் சொல்லும் சத்தத்தைத்தான் அவர் கேட்டுக்கொண்டிருந்தார் என்று இப்போது தோன்றுகிறது.

டயரையும் மூன்று பேருமாகச் சேர்ந்து ஒட்டினோம். புறப்பட எழுந்தபோது அவர் சொன்னார்: "நாளைக்குக் கடை பூட்டு. எனக்கு லீவு. இண்டைக்கு இஞ்சயே தங்குங்கோவன். மேலே அறை சும்மா கிடக்கு, முதலாளி அம்மாட்ட நான் சொல்லுறன். விடிய நானும் சைக்கிளில வாறன், அக்கரையில நல்ல பாதை ஒண்டு இருக்கு, காட்டுறன்."

கணவர் என்னைப் பார்த்தார். "நிண்டிட்டுப் போவமே? நீர் என்ன சொல்லுறீர்?"

தங்கியிருக்கலாம். நான் வரைந்த வழியைக் கொஞ்சம் சுருக்கிக்கொண்டு கப்பலுக்குத் திரும்பியிருக்கலாம். ஆனால் மேலே இன்னொரு ஊரில் அறை பதிந்திருந்தோம். இடையில் ஒரு மலைக்காட்டுப் பாதை இருந்தது. மாதக்கணக்காக நான் கனவு கண்ட பாதை. "இல்லை அண்ணை, அடுத்த முறை கட்டாயம் தங்குவம்" என்றேன்.

"அதுக்கென்ன தங்கச்சி, வாங்கோ" என்றார். ஊர் எல்லை வரை எங்களோடு நடந்து வந்தார். போன் நம்பர் கேட்கவில்லை. நாங்களும் கொடுக்கவில்லை. இடம் தெரியும்தானே என்று விட்டுவிட்டோம்.

அந்த மலைக்காட்டுப் பாதை அழகாகத்தான் இருந்தது. இன்று அதில் ஒரு வளைவுகூட ஞாபகத்தில் இல்லை.

அடுத்த வருடம் மகனுக்குப் பரீட்சை. போக முடியவில்லை. அதற்கடுத்த வசந்தத்தில் போனோம். இந்த முறை அந்த ஹோட்டலிலேயே இரண்டு இரவு பதிந்தோம். ஹரோக் கடையில் பனங்கட்டியும் பனங்கிழங்கை இடித்த ஒடியல் மாவும் வாங்கி, சைக்கிள் பையில் பத்திரமாக வைத்திருந்தேன். அவரைத் திடுக்கிட வைக்கலாம் என்று நினைத்து, முன்கூட்டி எதுவும் சொல்லவில்லை.

கதவைத் திறந்த ஹோட்டல்காரம்மா எங்களையும் சைக்கிள்களையும் மாறி மாறிப் பார்த்தார். "லண்டன்?" என்றார். ஓம் என்று தலையாட்டியதும் அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார்.

அவருக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும். மிச்சத்தைக் கணவர் போனில் மொழிபெயர்த்துப் படித்தார். ஜனவரியில் ஒரு காலை, அந்த அண்ணை சமையலறையில் விழுந்திருக்கிறார். மூளையில் இரத்தக் கசிவு. ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது பிரெஞ்சு முழுக்கப் போய்விட்டது. பத்து வருடத்துக்கு மேலாகப் பேசிய மொழியில் ஒரு சொல்லும் வரவில்லை. வாய் குழறியபடி தமிழ் மட்டும்தான் வந்ததாம். மொழிபெயர்க்கட்டும் என்று நர்ஸ்மார் போனை வாயருகே பிடித்துப் பார்த்திருக்கிறார்கள். குழறிய பேச்சு அதற்குப் பிடிபடவில்லை. அவருடைய போனோ கடவுச்சொல் தெரியாமல் பூட்டிக் கிடந்து, சார்ஜும் இறங்கிவிட்டது.

"உங்களைத் தேடினேன். சைக்கிளில் வந்த இரண்டு பேர், லண்டன். அவ்வளவுதான் தெரியும். அன்றைக்கு நீங்கள் தங்கியிருந்தால் பதிவில் நம்பர் இருந்திருக்கும்" என்றார் ஹோட்டல் அம்மா. குற்றம் சொல்லவில்லை. நடந்ததைத்தான் சொன்னார்.

கடைசியில் தூள் பார்சலில் இருந்த நம்பரைக் கண்டுபிடித்து, பாரிஸ் கடைக்காரரோடு பேசி, அவர் ரயிலேறி வந்து சேர மூன்றாம் நாளாகிவிட்டது. அப்போது அண்ணைக்கு நினைவில்லை. மறுநாள் போய்விட்டார். உடலை மன்னாருக்கு அனுப்பி வைத்தார்கள்.

பிறகு அம்மா என் கையைப் பிடித்து ஒன்று கேட்டார். அந்த இரண்டு நாளும் அவர் ஒரே ஒரு பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னாராம். "யன், யன்னல்." அந்த ஊருக்கு வேனில் பாண் கொண்டுவருகிறவரின் பெயர் யன். அவரைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, அம்மா வேனை நிறுத்தி, ஆஸ்பத்திரிக்கே கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். பாண்காரரைக் கண்டதும் அண்ணை முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாராம். "அது யார்? அவருடைய மகனா?"

கணவர் தமிழில் மெதுவாகச் சொன்னார்: "மகன் எண்டு சொல்லிவிடும்."

என்னால் முடியவில்லை. இவ்வளவு நாளும் அந்தச் சொல்லை அந்த அம்மா மனதில் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார். "அது ஆளில்லை. எங்கள் பேச்சில் யன்னல் என்றால் ஜன்னல்" என்று சைகையோடு காட்டினேன். "திறந்துவிடச் சொல்லியிருப்பார். காற்றுக்கோ, வெளியே பார்க்கவோ."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். "நான் அதற்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தேன்" என்றார்.

மறுநாள் நாங்கள் சைக்கிள் ஓடவில்லை. லண்டன் திரும்பியதும், ஹோட்டல் அம்மா தந்த நம்பரில் மன்னாருக்கு அழைத்தேன். யாரென்று சொல்லி முடிப்பதற்குள் அவருடைய மனைவி கேட்டார்: "மீன் குழம்பு சாப்பிட்ட பிள்ளையளோ? உங்களைப் பற்றி எத்தினை தரம் சொல்லியிருப்பார்." பிறகு, நான் அவரோடு என்னென்ன கதைத்தேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். முருங்கைக்காயைப் பற்றியும் கோயிலைப் பற்றியும் சொன்னேன். அதற்கு மேல் சொல்ல என்னிடம் எதுவும் இருக்கவில்லை.

ஹோட்டல் அம்மாவிடம் உண்மையைச் சொன்னது சரியா என்று எனக்கு இன்னும் தெரியாது. இங்கே பஸ்ஸில் ஏறினாலும் கடைக்குப் போனாலும் தமிழ் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது, நாங்கள் அதைக் கவனிப்பதுகூட இல்லை. ஒரு மனிதருக்குத் தேவைப்பட்டதெல்லாம் அதைக் கேட்க ஓர் இரவுதான், அது என் கையில் இருந்தும் கொடுக்காமல் வந்தேன் என்பதை நினைக்காமல் ஒரு நாளும் சைக்கிளில் ஏற முடிவதில்லை.